காத்தாடி கேட்கப் போன கதை

கிராம சபைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தாராளமாகப் போங்கள். வாயை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

எங்கள் ஊர் அந்தியூரிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். பெயர் வேண்டாம்; என்னோடு பேசாத வீடுகள் ஏற்கெனவே மூன்று இருக்கின்றன. சொசைட்டியில் முப்பது வருஷம் கணக்கெழுதி ரிட்டயர் ஆனவன் நான். ரிட்டயர் ஆனவனுக்கு வருகிற வியாதிகளில் சர்க்கரையும் பிரஷரும் பரவாயில்லை, மாத்திரை இருக்கிறது. ஊரைத் திருத்துகிற வியாதிக்குத்தான் மருந்து கிடையாது.

எனக்கு அது ஓடந்துறையால் வந்தது. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்து ஊராட்சி. சண்முகம் என்பவர் 1996இலிருந்து பத்து வருஷம் தலைவராக இருந்தார். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கரண்ட் பில் கட்டியே ஊர்ப்பணம் கரைகிறதே என்று யோசித்து, 2006இல் ஊராட்சிக்கென்று ஒரு காற்றாலையே வாங்கிவிட்டார்கள். 350 கிலோவாட். ஒன்றரைக் கோடிக்கு மேல் விலை. கையிருப்புப் போக மிச்சம் பேங்க் கடன். காத்தாடி நிற்பதோ ஓடந்துறையில் இல்லை, காற்று நன்றாக வீசுகிற உடுமலைப்பேட்டைப் பக்கம் மைவாடியில். அங்கே சுற்றுகிற கரண்ட் மின்வாரியத்துக்குப் போகும், இங்கே ஊர் பில்லில் கழியும். மீந்ததை வாரியம் காசு கொடுத்து எடுத்துக்கொள்ளும், அதில்தான் கடனை அடைத்தார்கள். மாடு ஒரு ஊரில் மேய, பால் இன்னொரு ஊரில் கறக்கிற வித்தை. கணக்கெழுதினவனுக்கு இதைப் படித்தால் தூக்கம் வருமா?

போதாக்குறைக்கு இங்கிலாந்தில் ஆஷ்டன் ஹேய்ஸ் என்று ஒரு கிராமம். சுமார் ஆயிரம் பேர். கரியமில வாயுவைக் கக்குவதைக் குறைத்துக் கணக்கை நேர் செய்கிற முதல் ஊர் நாம்தான் என்று அவர்களும் அதே 2006இல் கிளம்பினார்கள். துணியை மெஷினில் உலர்த்தாமல் கொடியில் காயப்போட்டதெல்லாம் பேப்பரில் வந்தது. என் வீட்டம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நானுந்தான் கண்ணாலமான நாள்லயிருந்து கொடியில காயப்போடறேன். என்னைய எந்தப் பேப்பர்ல போட்டாங்க?" என்றாள். அந்த ஊர்க் கூட்டத்தில் அரசியல்வாதி வந்தால் உட்கார்ந்து கேட்கலாம், பேசக் கூடாதாம். எங்கள் ஊரில் அப்படி ஒரு விதி போட்டால் மைக்செட்காரர் மட்டும்தான் பேச முடியும். அவரும் போன தடவை வார்டுக்கு நின்றவர்.

2024 ஜனவரி 26. கோயில் வாசலில் சாமியானா. எங்கள் ஊர் ஜனத்தொகைக்கு கோரம் 100 பேர். நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார் வந்து உட்கார்ந்தால்தான் நூறு தேறும். அத்தனை பேரையும் வெயிலில் வைத்துக்கொண்டு நான் எழுந்து, ஓடந்துறையில் ஆரம்பித்து, மைவாடி வழியாக, இங்கிலாந்து போய் இறங்கினேன். இருபது நிமிஷம். முடித்ததும் முன்வரிசை ஆத்தா ஒருத்தி எழுந்தாள்.

"காத்தாடி வரும்போது வரட்டுஞ் சாமி. எங்க வீதிச் சாக்கடைய எப்ப அள்ளுவீங்க?"

அதற்குத்தான் முதல் கைதட்டல். கூட்டத்தில் யாரோ, "பெருசா எல்லாம் வேண்டாமுங்க, முதல்ல குப்பையப் பிரிக்கறதுல ஆரம்பிப்போம். அண்ணன் வீட்டுலயே மாதிரிக்கு ஒரு உரக்குழி போட்டுக் காட்டட்டும்" என்றார்கள். இரண்டாவது கைதட்டல். இது எனக்கு என்று நினைத்துத் தலையாட்டிவிட்டேன். பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பார்வை வந்தது. முப்பத்திரண்டு வருஷமாகத் தெரிந்த பார்வை.

பொடக்காலியில் மூன்றடிக்கு மூன்றடி குழி. பச்சை டப்பா, நீல டப்பா. தினமும் காலையில் சமையல்கட்டு வாசலில் நாற்காலி போட்டுக் குப்பைக்குத் தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தேன். முட்டை ஓடு மக்குமா, பால் கவர் எந்த டப்பா, தேங்காய் நார் எந்தக் கட்சி. மூன்றாம் நாள் கரண்டி நின்றது. "உங்களோட முப்பத்திரண்டு வருசமாக் குப்பை கொட்டறேன். எதை எங்க கொட்டறதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

நாற்காலியை எடுத்துவிட்டேன்.

உரக்குழி என்றால் ஒரு அடுக்கு ஈரக்குப்பை, அதன்மேல் ஒரு அடுக்குச் சருகு, கொஞ்சம் சாணிக் கரைசல், நடுநடுவே கிளறிவிட்டுக் காற்றுப் புக வைக்க வேண்டும். இதையெல்லாம் துண்டுச் சீட்டில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். முதல் வரியை மட்டும் படித்தேன். சருகு கூட்ட இடுப்பு வளையவில்லை, சாணிக்கு எங்களிடம் மாடில்லை. பழைய சோறும் ரசமும் புளித்த மோரும் காற்றில்லாமல் கிடந்து, மக்குவதற்குப் பதிலாக அழுகின. இடையில் ஒரு மழை வேறு. மேலே மழைக்காயிதம் போட்டு நாலு மூலைக்கும் கல் வைத்தேன். பிளாஸ்டிக்கை ஒழிக்கக் கிளம்பியவன் வீட்டில்தான் வீதியிலேயே பெரிய பிளாஸ்டிக்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். பிறகு பேச்சைச் சாத்தினார்கள். மார்ச் 22 கிராம சபையில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். பார்லிமென்ட் தேர்தல் நடத்தை விதி வந்து அந்தக் கூட்டம் நின்றது. மே 1 கூட்டமும் நின்றது. தேர்தல் கமிஷனால் நேரடியாகப் பலன் அடைந்த ஒரே வாக்காளன் நானாகத்தான் இருப்பேன்.

ஆடியில் குருநாதசாமி நோம்பி வந்தது. புதுப்பாளையத்தில் குதிரைச் சந்தை. மார்வாரி, காட்டியவாரி என்று எங்கெங்கிருந்தோ குதிரைகள், செம்மேனியில் வெள்ளைத் திட்டு வைத்த பர்கூர் மாடுகள். எங்கள் வீட்டில் பத்துப் பேர் ஒறம்பரை. பெருந்துறை மாப்பிள்ளை திண்ணையில் கால் வைத்தவர், மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங் மாமா, சொல்லவேயில்ல. குதிரை வாங்கிக் கட்டிட்டீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மானம் மிஞ்சியிருக்கும். நான் பெருமையாகக் கூட்டிப்போய்க் குழியைக் காட்டினேன். அன்று மதியம் அவர் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 15. அதே சாமியானா, அதே அக்காமார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். "இதுலயும் ஒண்ணு போடுங்ணா" என்று பக்கத்திலிருந்த பையன் இன்னொரு தாளை நகர்த்தினான், போட்டேன். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று கடன் வாங்க வந்தவர்களுக்கு முப்பது வருஷம் சொன்னவன்.

தீர்மானங்கள் வாசித்தார்கள். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை. ஏழாவதாக, குடியிருப்புப் பகுதியில் துர்நாற்றம் வீசும் மாதிரி உரக்குழியை உடனே மூடுவது. கை தூக்கச் சொன்னார்கள். கோயில் வரவுசெலவு தகராறில் ஆறு வருஷமாக முகம் பார்க்காத இரண்டு கோஷ்டியும் ஒன்றாகக் கை தூக்கியது. ஊர் ஒற்றுமைக்கு என்னாலானது.

முன்மொழிந்தவர் பெயர் வாசித்தார்கள். என் வீட்டம்மா. வழிமொழிந்தவர், இரண்டாவது தாளில் கையெழுத்துப் போட்ட நான்.

அடுத்த நாளே குழியை மூடி வாழைக் கன்று வைத்துவிட்டாள். டப்பா இரண்டும் சும்மாதான் கிடக்கின்றன, வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். நீலத்தை இன்றைக்கே தருகிறேன். பச்சையில் கோழி அடை உட்கார்ந்திருக்கிறது. இருபத்தொரு நாள் பொறுக்க வேண்டும்.