எண்டர் தட்டினா போகுமா?

திருப்பூரில் மென்பொருள் ஆலோசகராகப் பிழைக்க நினைப்பவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பனியன் எப்படிப் பிறக்கிறது என்பதை. நிட்டிங் ஓரிடம், டையிங் வேறிடம், காம்பாக்டிங் இன்னோரிடம், காஜா பட்டன் அடுத்த தெரு. ஒவ்வொரு கைமாறலுக்கும் ஒரு டெலிவரி சலான். ஜாப் ஒர்க்குக்குப் போன துணி ஓராண்டுக்குள் திரும்பாவிட்டால், அனுப்பிய அன்றைக்கே விற்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளும் ஜிஎஸ்டி சட்டம். இதெல்லாம் தெரியாமல் லேப்டாப்பைத் திறந்தால் முதலாளி திட்டமாட்டார். கொங்கு மண்ணில் முகத்துக்கு நேரே 'வேண்டாம்' சொல்லும் வழக்கம் கிடையாது. இரண்டாவது காபி வராது, அவ்வளவுதான்.

வாடிக்கையாளர் உறவு பற்றி வகுப்பெடுப்பவர்கள் முதலாளியோடு கைகுலுக்குவது வரை சொல்லித்தருகிறார்கள். முதலாளி கையெழுத்துப் போடுகிறவர். நம் மென்பொருள் ஆயுசோடு இருக்குமா என்று தீர்மானிப்பவர் அக்கவுண்ட்ஸ் அக்கா. டேலி கணக்கு மென்பொருளில் ஊறியவர். எஃப்8 விற்பனை, எஃப்9 கொள்முதல் என்பது அவர் விரல்களுக்கே தெரியும். மவுஸ் அவர் மேஜையில் உண்டு. சலான் காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் வைத்திருப்பார். நாம் வண்ண வண்ணத் திரைகளை விரித்து விளக்கி முடித்ததும் அவரிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வரும்: "ஏனுங்க தம்பி, எண்டர் தட்டினா அடுத்த கட்டத்துக்குப் போகுமா?"

போகவேண்டும். போகாவிட்டால் கிளவுடு, டாஷ்போர்டு, செயற்கை நுண்ணறிவு எதுவும் நம்மைக் காப்பாற்றாது. போனால், "பரவாயில்லீங்க, தம்பி நல்லாத்தான் பண்ணியிருக்கு" என்று முதலாளியிடம் ஒரு வார்த்தை போய்ச் சேரும். எந்த ஒப்பந்தத்தைவிடவும் உறுதியான பத்திரம் அது.

முதலாளியின் பிரச்சினை வேறு. "ஒரே ஒரு பட்டன்தானுங்க" என்பார். அந்தப் பட்டனை அமுக்கினால் பையர்வாரியாக லாபம், துணி வேஸ்டேஜ் கழித்து, அவர் கோவை விமான நிலையம் போய்ச் சேருவதற்குள் வாட்ஸ்அப்பில் வரவேண்டும். முடியாது என்று சொல்லக்கூடாது. முடியும் என்று சொல்லவே கூடாது. அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜை வரி வரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு தொகை போட்டுத் திருப்பி அனுப்புவேன். பாதி ஆசைகள் அங்கேயே அடங்கிவிடும். மிச்சமிருப்பதுதான் நிஜத் தேவை.

மாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி தாக்கல். அந்த நாட்களில் நான் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் ஓரமாகத்தான் உட்காருவேன், போன் வந்தால் எழுந்து ஓட வசதியாக.

காசு விஷயம். இன்வாய்ஸ் போட்டுவிட்டால் 18 சதவீத வரியை அடுத்த மாதமே நான் கட்டியாகவேண்டும், பணம் என் கைக்கு வந்தாலும் வராவிட்டாலும். எனவே முதலில் புரொஃபார்மா, பிறகு புன்னகை, அதன் பிறகே அசல் பில். 2023-24 நிதியாண்டிலிருந்து வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) என்ற புண்ணியப் பிரிவும் துணைக்கு வந்தது. உத்யம் பதிவுள்ள என்போன்ற குறுந்தொழில்காரனுக்கு ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளில் பணம் தரவேண்டும். கெடு தாண்டினால், தந்த வருடத்தில்தான் அதை முதலாளி செலவாகக் கழிக்கமுடியும். அதன்பின் மார்ச் மாதம் வந்தால் ஆடிட்டர்கள் என்னிடம் காட்டும் பாசம் கண்ணில் நீர் வரவழைக்கிறது.

ஆனாலும் முதலாளி மேஜைக்குப் போகும் செக் கட்டில் என்னுடையதை மேலே வைப்பது அக்காதான். அதற்குக் கைம்மாறாக அவர் மகளின் பொறியியல் கவுன்சலிங்குக்கு நான் இலவச ஆலோசகன். கட்ஆஃப், கல்லூரி, ஹாஸ்டல், பஸ் வசதி என்று அலசி ஆராய்ந்து, கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்று அறுதியிட்டுச் சொன்னேன்.

"தம்பி மாதிரி ராத்திரியெல்லாம் போன்லயே கெடக்கோணுமாக்கும்?" என்று அந்தப் பெண் ஈசிஈ எடுத்துவிட்டது.