அடிகளாரும் குளிசையும்

கேள்வி: மனம் குழம்பினால் சாமியிடம் போவதா, சயன்ஸிடம் போவதா? - வாசகர், கல்லடி

பதில்: மட்டக்களப்பில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? இரண்டையும் ஒரே அங்கிக்குள் வைத்திருந்த மனிதர் உங்கள் ஊரில்தானே இருந்தார்! இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளார், உளவியல் படித்தவர். (குளிசை எழுதித் தரும் டொக்டர் அல்ல, உளவளத்துணையாளர்.) போர் நடந்துகொண்டிருந்த 1996இல், கனடாக் கலைஞர் போல் ஹோகனுடன் சேர்ந்து வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினார். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். களிமண், சாயம், கதை, பாட்டு... பிரசங்கம் மட்டும் கிடையாது. பெரியவர்கள் வெடிவைத்துக் குழப்பியதைப் பிள்ளைகள் விளையாடித் தெளியவைக்கவேண்டியிருந்தது!

சாமி சயன்ஸைத் துணைக்கு அழைப்பதில் திருச்சபைக்கும் கோபமில்லை. பேயோட்டும் சடங்கையே 1999இல் திருத்தி வெளியிட்ட வத்திக்கான், பிடித்திருப்பது நோயா என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. நம் ஊரில் நூல் கட்டுகிறவர்கள் அவ்வளவு பொறுமைசாலிகள் அல்ல.

பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்கு உளவளத்துணை புதிதா என்ன? அங்கே "மூன்று அருள்நிறை மரியே செபம் சொல்" என்று அனுப்பிவிடுவார்கள், இங்கே, "அடுத்த கிழமையும் வா!"