எட்டாம் நம்பர் கத்தி

ஐம்பத்து மூன்று வயதுவரை சட்டைப்பையில் கத்தி இல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டேன். கூரியரில் வரும் பெட்டியை ஸ்கூட்டர் சாவியால் கிழிப்பேன். சாம்பார்ப் பொடி பாக்கெட்டைப் பல்லால் கடிப்பேன். ஆரஞ்சுக்கு நகம். போன ஆடியில் ஒருநாள், பெட்டியில் ஒட்டியிருந்த டேப் ஜெயித்தது, சாவி வளைந்தது. வளைந்த சாவி ஸ்கூட்டருக்குள் நுழைய மறுத்ததால் ஆபீசுக்கு ஷேர் ஆட்டோவில் போனேன். டிரைவரின் பக்கத்தில் அரை இருக்கையில் தொற்றிக்கொண்டு போகும்போதுதான் ஞானம் வந்தது. மனுஷனுக்கு ஒரு மடக்குக் கத்தி வேண்டாமா?

கத்தி வைத்திருப்பவர்கள் தனி மதம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. ‘எவ்ரிடே கேரி’ என்பது அதன் மந்திரம். தினமும் உடம்போடு இருக்கவேண்டிய கத்தி, டார்ச், பேனா, கைக்குட்டை எல்லாவற்றையும் மேஜையில் கோடு போட்ட மாதிரி அடுக்கி, மேலேயிருந்து படமெடுக்கிறார்கள். என் தாத்தாவின் மடியிலும் வெற்றிலை, பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி எல்லாம் இருந்தன. அவர் அவற்றை அடுக்கிப் பார்த்ததில்லை, மென்று துப்பிவிட்டார்.

“ஆபீஸ்ல கணக்கு எழுதறவருக்குக் கத்தி எதுக்கு?” என்றாள் என் மனைவி கமலா. நான் இதற்குத் தயாராக இருந்தேன். ஓலைச்சுவடிக் காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று உண்டு. ஒரே கைப்பிடியில் எழுத்தாணியும் கத்தியும் மடங்கிக் கிடக்கும். கத்தி, ஓலையை நறுக்க. பேனாக்கத்தி என்று சொல்கிறோமே, அதுவும் இறகுப் பேனாவைச் சீவ வந்ததுதான். ஆக எழுதுகிறவன்தான் கத்திக்கு முதல் வாரிசு. கமலா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க எழுதறது எக்செல்ல. அதுல எதைச் சீவப் போறீங்க?” என்றாள்.

வக்கீல் நண்பரிடம் சட்டம் கேட்டேன். ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தியைத்தான் கணக்கில் எடுப்பார்களாம். அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் இவற்றுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டாம். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அவர் அடுத்த வாக்கியத்தில் தண்ணீர் ஊற்றினார்: “அளவு இருக்கட்டும். ராத்திரி பதினொரு மணிக்குப் போலீஸ் நிறுத்தினா, கொய்யாப்பழம் நறுக்கன்னு சொல்லணும். அப்பக் கையில கொய்யாப்பழம் இருக்கணும்.”

பாரிமுனையில் ஒரு கடைக்காரரிடம் மடக்குக் கத்தி கேட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்து, “காய்க்கா, ஆளுக்கா?” என்றார். ‘கூரியருக்கு’ என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவர் எடுத்துக் காட்டியது ராம்பூரி வகை. பழைய இந்திப் படங்களில் வில்லன் ‘சடக்’ என்று விரிப்பானே, அதே சத்தம். அந்தச் சத்தத்துக்கு நானே ஒரு அடி பின்வாங்கினேன். விரிக்கும்போது தன்னையே பயமுறுத்தும் கத்தி ஆகாது என்று முதல் விதி எழுதிக்கொண்டேன்.

அடுத்து சுவிஸ் கத்தி. 1884இல் கார்ல் எல்சனர் என்பவர் பட்டறை வைத்தார். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். சிப்பாய் அதை வைத்துத் தகர டப்பாவையும் திறக்கலாம், துப்பாக்கியையும் கழற்றலாம். எல்சனருடைய அம்மாவின் பெயர் விக்டோரியா. அதோடு துருப்பிடிக்காத எஃகுக்கான ‘இனாக்ஸ்’ பின்னால் ஒட்டிக்கொண்டு விக்டோரினாக்ஸ் ஆனது. நம் ஊர்ப் பாத்திரக் கடைக்காரர் அம்மா பெயரோடு எவர்சில்வரைச் சேர்த்துப் பலகை மாட்டுகிற மாதிரிதான். எனக்கு மனசுக்கு நெருக்கமாகிவிட்டது. ஆனால் நண்பரிடம் இரவல் வாங்கிப் பார்த்தபோது, அதிலிருந்த சுருள் கம்பியைக் காட்டி மாமியார், “இது எதுக்கு மாப்பிள்ளை?” என்று கேட்டார். ஒயின் புட்டியின் தக்கையைப் பிடுங்க என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காது குடைய என்றேன். அன்றிலிருந்து அவர் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தவிர, சுவிஸ் சின்னக் கத்திகளில் அலகைப் பிடித்து நிறுத்துவது வெறும் வில்தான், பூட்டு கிடையாது. கெட்டியாக அழுத்தினால் திரும்பி விரல்மேல் மடங்கலாம். பூட்டு வைத்த கத்திகளில் ‘லைனர் லாக்’ என்று ஒன்று: உள்ளே ஒரு மெல்லிய தகடு, அலகு விரிந்ததும் நகர்ந்து அதன் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். அருமையான யோசனை. மடக்கும்போது மட்டும், அலகு வரும் பாதையில் நம் கட்டைவிரலை வைத்துத் தகட்டைத் தள்ளவேண்டும். இதைக் கண்டுபிடித்தவருக்குப் பத்து விரலும் இருந்திருக்கும்தான். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை.

இப்படி நான் புரட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்த மாமியார், “மடக்குக் கத்திதானே? என்கிட்ட இருக்கே” என்று பரணிலிருந்து ஒன்றை இறக்கச் சொன்னார். மடக்கு அரிவாள்மனை. பலகையில் படுத்திருக்கும் அலகைத் தூக்கி நிறுத்தினால் தேங்காய்த் துருவலோடு தயார். எடை இரண்டு கிலோ இருக்கும். பேண்ட் பையில் கொள்ளாது என்ற ஒரே குறைதான்.

கடைசியில் மனம் ஒப்பினெலில் நின்றது. பிரான்சில், ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து சாவ்வாவில் 1890இல் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய குடியானவன் கத்தி. ஒரு மரப்பிடி, ஒரு அலகு, 1955இல் சேர்த்த ஒரு வளையம். வளையத்தைத் திருப்பினால் பூட்டு, விரல் பிழைத்தது. அளவுக்கு நம்பர் உண்டு. எல்லாரும் வாங்குவது எட்டாம் நம்பர், அலகு எட்டரை சென்டிமீட்டர். அலகில் கிரீடம் வைத்த ஒரு கை, ஆசீர்வதிக்கிற பாவனையில். “சாமி கை” என்று கமலாவிடம் காட்டினேன். அபய ஹஸ்தம் என்று எடுத்துக்கொண்டாள், எதிர்ப்பு பாதி குறைந்தது.

துருப்பிடிக்காத எஃகா, கார்பன் எஃகா என்பதில் இரண்டு வாரம் போயிற்று. கார்பன் சீக்கிரம் சாணை பிடிக்கும், ஆனால் துருப்பிடிக்கும். புத்தி எவர்சில்வர் என்றது. மூன்று மாதம் படித்த படிப்பு கார்பன் என்றது. படிப்பைக் கேட்டேன்.

பாரீசில் இருக்கும் தங்கை மகன் செக்-இன் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தான். “இந்தாங்க மாமா” என்று நீட்டினான். “கத்தியைக் கைக்குக் கை கொடுக்காதே, உறவு அறுந்துடும்!” என்று மாமியார் பாய்ந்தார். மேஜையில் வைத்தான். நான் ஒரு ரூபாய் கொடுத்து விலைக்கு வாங்கியதாகப் பாவித்தோம்.

முதல் நாளே மாங்காய் நறுக்கினேன். புளிப்பு பட்டு அலகு நீலமும் கறுப்புமாகிவிட்டது. “இது துரு இல்ல, பட்டினா. கார்பன் கத்திக்கு இதுதான் அழகு” என்றேன். “பட்டினாவோ பட்டினியோ, இந்த மாங்காய் எனக்கு வேண்டாம்” என்று கமலா தட்டைத் தள்ளினாள். அதன்பின் கத்தி என் பையிலேயே வாழ்ந்தது. கூரியர்க்காரர்கள் என்னமோ அந்த மாதம் முழுக்க எங்கள் தெருவுக்கே வரவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, மதுரையிலிருந்து சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் வந்துகொண்டிருந்தேன். பத்து நாளாக விடாத மழை. திண்டுக்கல்லில் எதிர் இருக்கைக்காரர் ஆயக்குடிக் கொய்யா வாங்கினார். பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெட்டியைப் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்: “யார்கிட்டயாவது கத்தி இருக்குங்களா?”

நான்கு மாதம் காத்திருந்த கேள்வி. அவசரப்படாமல் எடுத்தேன். வளையத்தைத் திருப்பினேன். நகத்தை வைத்து இழுத்தேன். வரவில்லை. மரப்பிடி மழை ஈரத்தில் ஊறி உப்பி, அலகைக் கவ்விக்கொண்டிருந்தது. இதற்கும் சாவ்வாக்காரர்களிடம் வைத்தியம் உண்டு: பிடியின் அடிப்பக்கத்தை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தலைநீட்டும். ஜன்னல் விளிம்பில் தட்டினேன். இன்னொரு தட்டு. தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. “ரிப்பேருங்களா?” என்றார் கொய்யாக்காரர்.

பக்கத்தில் இருந்த பாட்டி சுருக்குப்பையை அவிழ்த்து ஒரு நெயில் கட்டரை எடுத்தார். அதன் வயிற்றிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு கத்தி வெளியே வந்தது. கொய்யா நான்காகி, உப்பு மிளகாய்ப்பொடியோடு எனக்கும் ஒரு துண்டு வந்தது. பிறகு பாட்டி என் கத்தியை வாங்கி, நெயில் கட்டர் நுனியால் ஒரு நெம்பு நெம்பினார். ‘டக்’கென்று திறந்தது. அலகை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“நல்ல கத்திதான் தம்பி. துருப்பிடிக்க விட்டுட்டீங்களே. வீட்டுக்குப் போனதும் புளி போட்டுத் தேய்ங்க.”