சோழபுரத்து விமானி

மேற்கே மலைத்தொடரும், அடிவாரத்தில் மாந்தோப்பும் தென்னந்தோப்பும், கண்மாய் நீரை நம்பிய வயல்களுமாக, இராஜபாளையத்துக்குத் தெற்கே தென்காசிச் சாலையில் அமைந்திருக்கும் சோழபுரத்தில், வாரநாட்களில் பகலெல்லாம் நூற்பாலை ஒன்றில் பஞ்சுக் கழிவுக்குக் கணக்கு எழுதிவிட்டு, சனிக்கிழமை இரவு சாப்பாடு முடிந்ததும் முந்நூறு பேரை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து லண்டனுக்குப் போயிங் 777 ஓட்டிச் செல்லும் கிருகஸ்தர் ஒருவர் வசிக்கிறார் என்றால், வாசகர்கள் என் யோக்கியதையைச் சந்தேகிக்கக்கூடும். விமானம் கணினித் திரைக்குள் பறப்பது. பிரயாணிகள் எடைக் கணக்கில் மட்டுமே உள்ளவர்கள். ஆயினும் அவர் முகத்தில் காணும் விசாரம் அசல் சரக்கு. பக்கத்திலிருக்கும் மதுரையை விட்டுச் சென்னையிலிருந்து கிளம்புவானேன் என்று கேட்டால், மதுரை ஓடுபாதை ஏறக்குறைய 7,500 அடிதான் என்றும், லண்டன் வரைக்கும் எண்ணெய் நிரப்பிய 777 அதிலிருந்து எழும்புவது துர்லபம் என்றும், ஊர் அபிமானத்துக்காக முந்நூறு உயிரைப் பணயம் வைக்க முடியாது என்றும் கண்டிப்பாகப் பதில் வரும்.

மைக்ரோசாப்ட் கம்பெனி 1982-ஆம் வருஷத்தில் முதன்முதலாக வெளியிட்ட நாளிலிருந்து இந்தப் பறக்கும் விளையாட்டில் ஈடுபட்டவர்கள் பலவிதம். பாலத்துக்கு அடியில் நுழைந்து பார்க்கிறவர்கள் உண்டு. தங்கள் வீட்டு மாடியைத் தேடிப்பிடித்து வட்டமிடுகிறவர்கள் உண்டு. நம்மவருக்கு இந்தப் பால்ய லீலைகளில் சிரத்தை கிடையாது. அவருடைய இஷ்ட தெய்வம் எரிபொருள். சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தால், மணிக்கு ஏழெட்டு டன் குடிக்கும் அந்த இயந்திரத்துக்கு, ஓடுபாதை வரைக்கும் ஊர்ந்து செல்ல எவ்வளவு, லண்டன் போய்ச் சேர எவ்வளவு, எதிர்காற்று முதலிய எதிர்பாராத சங்கடங்களுக்காக அதில் நூற்றுக்கு ஐந்து எவ்வளவு, ஹீத்ரோவில் மூடுபனி என்றால் கேட்விக்குக்குத் திரும்ப எவ்வளவு, கடைசியில் யாரும் தொடக்கூடாத இருப்பாக 1,500 அடி உயரத்தில் அரைமணி நேரம் சுற்றிக்கொண்டிருக்க எவ்வளவு என்று ஒவ்வொன்றாகக் குறித்துவருவார். இதுவரைக்கும் சாஸ்திரம். இதற்குமேல் கேப்டன் தம் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளும் அதிகப்படி என்று ஓர் இனம் இருக்கிறதே, அங்கேதான் மனிதருடைய சுபாவம் வெளிப்படும். ஒரு டன்னா, இரண்டு டன்னா என்ற தர்க்கம் மாலைக் காபி வரைக்கும் நீளும். எண்ணெயைச் சுமப்பதற்கே எண்ணெய் எரியும் என்பதும், பத்து மணி நேரப் பிரயாணத்தில் அதிகமாக ஏற்றிய ஒரு டன்னில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதைத் தூக்கிச் சென்ற கூலிக்கே போய்விடும் என்பதும் அவருக்குத் தெரியும். சதுரகிரி ஏறுகிறவன் மூட்டை நிறையக் கட்டுச்சோறு எடுத்தால், சுமந்த பசிக்கே அதில் பாதி தீர்ந்துபோகிற கதைதான்.

இத்தனைக்கும் அந்த விளையாட்டில், ஒரு பொத்தானைத் தட்டினால் எண்ணெய் ஒருபோதும் குறையாதபடி அட்சய பாத்திரமாக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதன் பெயரைச் சொன்னாலே அவர் காதைப் பொத்திக்கொள்வார். காலத்தை நான்கு மடங்கு வேகத்தில் ஓடவிடும் வசதியையும் அவ்வண்ணமே பரிகரித்துவிட்டார். தீராத எண்ணெயை வைத்துக்கொண்டு லண்டன் போவதில் என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி. எனக்கும் அதில் நியாயம் இருப்பதாகவே படுகிறது.

வியாதி வீட்டோடு நிற்கவில்லை. மோட்டார் சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புறப்பட்டால், ஆடிப்பூரத் தேரோட்டத்தினால் ஊருக்குள் நுழைய முடியாமற்போகும் பட்சத்தில் கிருஷ்ணன்கோவில் வரைக்கும் போவதற்கும், ரயில்வே கேட் அடைத்திருந்தால் வண்டியை அணைக்காமல் நிற்பதற்கும் சேர்த்துத்தான் பெட்ரோல் போடுவார். பால்கோவாக் கடையில் "அரைக் கிலோ" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் "அரைக் கிலோ" என்று திருப்பிச் சொன்ன பிறகே பையை நீட்டுவார். காரணம் கேட்டால் தொலைந்தீர்கள்: 1983 ஜூலை 23-ஆம் தேதி ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்றில் 22,300 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 22,300 பவுண்டு இருந்ததும், 41,000 அடி உயரத்தில் எண்ணெய் தீர்ந்ததும், சறுக்கு விமானம் ஓட்டிப் பழகிய கேப்டன் பியர்சன் அதைக் கிம்லி என்ற பழைய தளத்தில் உயிர்ச்சேதமின்றி இறக்கியதும், பின்னால் நிற்பவர்கள் முணுமுணுக்கும் வரைக்கும் விஸ்தாரமாக வரும்.

இப்படிப்பட்ட மகா ஜாக்கிரதைக்காரருக்கு ஒரே ஒரு எரிபொருள் மட்டும் வசப்படவில்லை. அது மின்சாரம். வீட்டு இன்வெர்ட்டர் கணினியை மட்டும் தாங்கினால் மூன்று மணி நேரம். மூன்று மின்விசிறிகளும் சேர்ந்தால் இரண்டு மணி நேரம். ஒரு சித்திரை மாதத்து விடியற்காலம் மூன்று மணிக்கு, துருக்கிக்கு மேலே போய்க்கொண்டிருக்கையில் கரண்ட் போய்விட்டது. லண்டனுக்கு இன்னும் நான்கு மணி நேரத்துக்குமேல் இருக்கிறது. மின்வாரியத்துக்குப் போன் செய்ததில் டிரான்ஸ்பார்மர் பழுது, பொழுது விடிந்துதான் ஆள் வரும் என்று தெரிந்தது. மின்விசிறிகளை அணைக்கும்படி கேப்டன் கட்டளையிட்டார்.

"ஏங்க, உங்க அம்மா இங்கே வேர்த்து ஊத்திக் கெடக்காங்க, பிளேன்தான் பெரிசாப் போச்சா?" என்றார் மனைவி.

"விடு தாயீ, புள்ள முந்நூறு பேரை வச்சுக்கிட்டு அந்தரத்துல நிக்கிறான்" என்று சொல்லி, கிழவி தானே எழுந்து ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பனையோலை விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

விசிறியை அணைத்தும் கணக்கு லண்டனை எட்டவில்லை. இஸ்தான்புல்லில் இறங்குவதென்று முடிவாயிற்று. ஆனால் லண்டனுக்கென்று ஏற்றிய எண்ணெய் வயிற்றில் இருக்கையில் அத்தனை எடையோடு தரையைத் தொடக்கூடாது என்பது விதி. ஆகவே, பகல் முழுதும் ஒரு டன்னுக்காக மனசாட்சியோடு வழக்காடிய அந்த மனிதர், ஐந்து டன் எண்ணெயைத் தம் கையாலேயே ஆகாயத்தில் கொட்டினார். சோழபுரத்து டிரான்ஸ்பார்மரினால் இஸ்தான்புல்லில் இறங்க நேர்ந்த லண்டன் விமானம் வேறொன்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு இரண்டாவது பேட்டரி வந்துவிட்டது. அது அம்மாவின் மின்விசிறிக்கென்று தனி இருப்பாக ஒதுக்கப்பட்டிருக்கிறது, கேப்டனும் அதைத் தொடக்கூடாது. தினசரியில் வரும் மாதாந்திரப் பராமரிப்பு அறிவிப்பைக் கத்தரித்து மேஜைமேல் ஒட்டிவைப்பதும் வழக்கமாகிவிட்டது. அவரைப் பார்த்துப் பேச விரும்பும் அன்பர்கள், காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மின்தடை என்று அதில் கண்ட நாளாகப் பார்த்துப் போவது உத்தமம். விடுமுறையென்று மற்ற நாளில் போனால், ஆள் வீட்டில் இருப்பார், ஊரில் இருக்கமாட்டார்.