கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஒரு கிராம்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் நண்பருக்கு விடியற்காலை 3 மணிக்குக் கடைவாய்ப்பல் வலி எடுத்தது. ரோலிங் மில் இரைச்சலில் பக்கத்து ஆள் கத்தினாலே காதில் விழாது. பல் பேசியது மட்டும் தெளிவாகக் கேட்டது.

கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் பீகார் தம்பி, ‘லௌங்’ என்றார். தடாவிலிருந்து தினமும் வந்துபோகும் சூப்பர்வைசர், ‘லவங்கம்’ என்றார். கேன்டீன் அக்கா, ‘கிராம்புப்பா’ என்று பிரியாணி டப்பாவிலிருந்து ஆறு எடுத்துக் கொடுத்தார். சம்பள உயர்வில்கூட ஒத்துப்போகாத மூன்று பேரும் ஒரே சரக்கைத்தான் சொன்னார்கள்.

கிராம்பு என்பது மலராத மொட்டு. பிறந்த வீடு இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். சீனாவில் ஹான் வம்சத்து அதிகாரிகள், பேரரசர் முன் பேசும்போது வாய் மணக்க இதை மென்றார்களாம். நம் கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொரோனா காலத்தில் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்த கபசுரக் குடிநீரின் 15 சரக்குகளில் இதுவும் ஒன்று.

ஷிஃப்ட் முடிந்து நண்பர் லோக்கலில் ஏறினார். கவரைப்பேட்டையில் முதல் கிராம்பைக் கடித்தார். பொன்னேரியில் வலி குறைந்தது. மீஞ்சூருக்குள் பல், ஈறு, நாக்கு எல்லாம் மரத்துவிட்டன. டிக்கெட் கேட்ட பரிசோதகரிடம் ‘சீசன்’ என்று சொல்ல வாயெடுத்தார்; ‘தீதன்’ என்று வந்தது.

கிராம்பு எண்ணெயில் பெரும்பகுதி யூஜினால். நரம்பை மரக்கவைப்பது அதுதான். ஆனால் சொத்தைக் குழியை அது ஆற்றாது. ஃபயர் அலாரத்தை நிறுத்திவிட்டுப் பழையபடி வேலை பார்ப்பது மாதிரிதான்.

எண்ணூரில் வலி திரும்பியது. மிச்சமிருந்த ஐந்தையும் ஒன்றாக அடக்கிக்கொண்டார். திருவொற்றியூர் வருவதற்குள் ஈறு வெந்துவிட்டது. அளவு மீறினால் கிராம்பு அதையும் செய்யும்.

இறங்கி நேராகப் பல் மருத்துவரிடம் ஓடினார். உள்ளே நுழைந்ததும் பிரியாணி வாசனை! துத்தநாக ஆக்சைடு பொடியில் யூஜினாலைக் குழைத்துக்கொண்டிருந்தார் மருத்துவர். பல் குழியைத் தற்காலிகமாக அடைக்க உலகம் முழுக்கப் பயன்படும் பழைய கலவை அது.

‘இதத்தான டாக்டர் நானும் வெச்சேன்?’

‘நீங்க சுத்தம் பண்ணாம வெச்சீங்க.’

குழியைச் சுரண்டி அடைத்துவிட்டு, அடுத்த வாரம் ரூட் கெனாலுக்கு வரச் சொன்னார். நண்பருக்கு அடுத்த வாரமும் நைட் ஷிஃப்ட்தான். கேன்டீன் அக்காவிடம் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார்: பிரியாணியில் அவர் தட்டுக்கு மட்டும் கிராம்பு வேண்டாமாம்.