கலம்பகம் ஆன் தி ராக்ஸ்

தமிழ்நாட்டில் 'ஒயின்ஷாப்' என்று ஒரு கடை உண்டு. அங்கே பிராந்தி கிடைக்கும், ரம் கிடைக்கும், பீர் கிடைக்கும். ஒயின் கேட்டுப் பாருங்கள். வரிசையில் நிற்கும் அத்தனை பேரும் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்பது போல.

இப்படிப்பட்ட நாட்டில் கோடைக்கு ஒயின் காக்டெயில் கலப்பது எப்படி என்று எழுத உட்கார்ந்தால், நேராக ஏலாக்குறிச்சிக்குத்தான் போகவேண்டியிருக்கிறது. அரியலூர் மாவட்டம், கொள்ளிடத்துக்கு வடக்கே, மே மாதம் பன்னிரண்டு மணிக்குக் காக்காய்கூட லீவு எடுக்கும் ஊர். அங்கே பார் ஒன்றும் இல்லை சார். வீரமாமுனிவர் இருந்தார்.

பெயரைக் கேட்டதும் தாடி, அங்கி, மெரினா கடற்கரைச் சிலை எல்லாம் நினைவுக்கு வந்து எழுந்து நிற்கிறீர்கள், உட்காருங்கள். ஆள் இத்தாலிக்காரர். கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, பிறந்தது 1680, ஊர் காஸ்தில்யோனே. சோற்றோடு தண்ணீர் மாதிரி ஒயின் வைக்கிற தேசத்தில் பிறந்துவிட்டு, 1710-ல் கப்பலேறி வந்தார். வந்து என்ன செய்தார்? மதுரை மிஷன் சாமியார்கள் வழக்கப்படி காவி, சைவச் சாப்பாடு, மதுவிலக்கு. ஐரோப்பாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து டயட்டில் இருந்த முதல் கோஷ்டி இவர்கள்தான் போலிருக்கிறது.

அதற்காக ரொம்ப எளிமை என்று நினைத்துவிடாதீர்கள். அவரைப் பற்றிய பழைய தமிழ் வரலாறு, காதில் முத்துக் கடுக்கன், பல்லக்கு, அதற்குள் புலித்தோல் என்று அடுக்குகிறது. துறவியாகத்தான் இருந்தார், ஆனால் மேட்சிங்காக இருந்தார்.

ஒயினை அடியோடு விட்டார் என்றும் சொல்ல முடியாது. பூசை வைக்க ஒயின் வேண்டும். கத்தோலிக்க முறைப்படி அந்தப் பாத்திரத்தில் சொட்டுத் தண்ணீரும் விடவேண்டும். ஆக ஏலாக்குறிச்சியில் தினமும் ஒயினையும் தண்ணீரையும் கலந்த ஒரே ஆசாமி, ஊரிலேயே குடிக்காத ஆசாமி.

இவர் தமிழுக்குச் செய்த உபகாரங்களில் ஒன்றை ஒயின்ஷாப் போர்டு எழுதும் பெயின்டர்கள் மறக்கவே கூடாது. அந்தக் காலத்தில் எ, ஒ என்று எழுதி மேலே புள்ளி வைத்தால் குறில், புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஓலை கிழிந்துவிடும் என்று பயந்து எழுதுகிறவர்கள் புள்ளியை விட்டுவிடுவார்கள். படிக்கிறவன் பாடு திண்டாட்டம். முனிவர் வந்து ஏகாரத்துக்கு ஒரு கால் இழுத்தார், ஓகாரத்துக்கு ஒரு சுழி போட்டார், பிரச்சினை தீர்ந்தது. இல்லாவிட்டால் இன்றைக்கு 'ஓயின்ஷாப்' என்று வாசித்துக்கொண்டிருப்போம். உழைத்து ஓயின் போகும் ஷாப். அதுவும் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

காக்டெயிலுக்குத் தமிழில் என்ன என்று அறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, முனிவர் ஏலாக்குறிச்சியில் உட்கார்ந்து அதை எழுதியே வைத்துவிட்டார். அந்த ஊருக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அங்கே இருக்கும் அடைக்கல மாதாவின் மேல் அவர் பாடியது 'திருக்காவலூர்க் கலம்பகம்'. கலம்பகம் என்றாலே கலவை. பலவகைப் பாட்டு, பலவகை உறுப்பு, எல்லாம் ஒரே கிளாஸில். 'கலம்' என்றால் பன்னிரண்டு, 'பகம்' அதில் பாதி ஆறு, ஆக மொத்தம் 18 உறுப்பு என்று பெயருக்குள்ளேயே அளவும் சொல்வார்கள். பன்னிரண்டு பங்கு அது, ஆறு பங்கு இது. பார்டெண்டர் கணக்கு இல்லாமல் வேறென்ன?

இன்னும் கேளுங்கள். அந்தப் பதினெட்டில் ஒன்றுக்குப் பெயர் 'களி'. கள் குடித்தவன் கள்ளைப் புகழ்ந்து பாடுவது! பக்தி இலக்கியத்தில் குடிகாரனுக்கு ரிசர்வ்டு சீட் போட்டு வைத்த இலக்கணம் உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது? அந்த சீட்டில் முனிவர் யாரை உட்காரவைத்தார் என்பதை நூலகத்துக்குப் போய் நீங்களே பாருங்கள். இத்தனை நாள் போகாமல் இருந்ததற்குத் தண்டனை.

"ஒயினில் கண்டதைக் கலப்பதா? அபச்சாரம்!" என்று இப்போதெல்லாம் சிலர் கிளாஸைச் சுழற்றி மூக்கை விட்டுக்கொண்டு சொல்கிறார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போவோம். பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனிடம், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் தினமும் குடித்து இனிதாக இரு என்று புறநானூற்றில் நக்கீரர் வாழ்த்துகிறார். ('துஞ்சிய' என்றால் இறந்த என்பார்கள் உரைகாரர்கள். தினமும் தேறல் என்றால், வெறுமனே தூங்கியும் இருக்கலாம்.) நாமும் பெருமையாக இம்போர்ட்டட் சரக்கு என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறோம்.

1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினார். ரோமானிய ஒயின் ஜாடிகளின் துண்டுகள் வந்தன. அவற்றில் நிறைய, கோஸ் தீவு ஜாடி வகை. முட்டைகோஸ் இல்லை, கிரேக்கத் தீவு. அந்தத் தீவு ஒயினின் விசேஷம் தெரியுமா? கடல் தண்ணீர் கலந்து செய்வார்கள். ரோமாபுரிப் பெரியவர் கேட்டோ, அதேமாதிரி டூப்ளிகேட் ஒயின் வீட்டில் செய்ய உப்புத் தண்ணீரோடு ரெசிபியே எழுதி வைத்திருக்கிறார். பாண்டியன் பொற்கலத்தில் இருந்ததும் அதே சரக்குதான் என்று சத்தியம் பண்ணமாட்டேன். ஆனால் மிளகு கொடுத்துக் கடல் தண்ணீர் வாங்கிய முதல் ஆட்கள் நாம்தான் என்று நினைக்கும்போது ஒரு மாதிரி இருக்கிறது.

ரோமாபுரிக்காரர்கள் மட்டும் சளைத்தவர்களா? இங்கிருந்து மூட்டை மூட்டையாக மிளகு வாங்கிப்போய், தேன் சேர்த்து, அந்த ஒயினிலேயே போட்டுக் குடித்தார்கள். மிளகில் காரத்தைத் தவிர என்ன இருக்கிறது, இந்தியாவுக்கு வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி தலையில் அடித்துக்கொண்டார். மிளகு ரசம் குடித்திருந்தால் மனுஷன் அப்படி எழுதியிருக்கமாட்டார்.

பிறகு கம்பெனிக்காரன் வந்தான். சாராயம், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், மசாலா என்று அஞ்சைக் கலந்து 'பஞ்ச்' என்றான். ஹிந்தி 'பாஞ்ச்'தான் அது என்பது பரவலான கணக்கு. சென்னையில் முதலில் கேட்டிருந்தால் இன்று லண்டன் கிளப்பில் "ஒன் அஞ்சு ப்ளீஸ்" என்றிருப்பார்கள்.

சரி, ரெசிபி. வயது 21 ஆகாதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம். பெரிய டம்ளரில் ஐஸ், பெரிய கட்டியாக. தூள் ஐஸ் போட்டால் நொடியில் கரைந்து எல்லாம் கழுநீர் ஆகிவிடும். சில்லென்ற சிவப்பு ஒயின் அரை டம்ளர். நன்னாரி சர்பத் இரண்டு ஸ்பூன், அதற்கு மேல் போனால் இருமல் மருந்து. அரை எலுமிச்சையைப் பிழிந்து, கொட்டை எடுத்து விடவும். நான்கு பன்னீர் திராட்சையை நசுக்கிப் போடவும். (அந்தத் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்பார்கள். சாமியார்களை விட்டால் நமக்கு வழியே இல்லை.) கோலி சோடாவைக் கடைசியில், ஓரமாக ஊற்றவும். ஸ்பூன் விட்டுச் சுழற்றினால் உள்ளே இருக்கும் கேஸ் போய், சுழற்றிய பெருமை மட்டும் மிஞ்சும். 'மட்டு' என்றால் பழந்தமிழில் கள், 'மட்டு' என்றால் அளவும்தான். ஒரே சொல்லில் சரக்கும் வைத்து லிமிட்டும் வைத்தவன் தமிழன். இரண்டில் ஒன்றை மறந்தவனும் அவனே.

ஐஸை விட்டுவிட்டால் சரக்கு மொத்தம் அஞ்சு. முனிவர் எழுதிய பரமார்த்த குருவுக்கும் சீடர்கள் அஞ்சு பேர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆற்றைக் கடந்ததும் தன்னை விட்டுவிட்டு எண்ணி, ஒரு ஆளை ஆறு விழுங்கிவிட்டது என்று அழுத கோஷ்டி. போன ஞாயிற்றுக்கிழமை மச்சானிடம் இந்த ரெசிபியைக் கொடுத்தேன். நன்னாரி, எலுமிச்சை, திராட்சை, சோடா என்று விரல் விட்டு எண்ணி, கலந்து, ஆளுக்கு இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "சூப்பர் மாமா, ஆனா ஏறவே இல்லையே" என்றான்.

ஒயின் பாட்டில் ஃபிரிட்ஜிலேயே இருந்தது. வெயிலுக்கு அது இன்னும் நன்றாகத்தான் இருந்தது.