குப்பைக்குப் புளுகத் தெரியாது

கேள்வி: அகழாய்வில் கிடைக்கிற ஆட்டெலும்பு, மாட்டெலும்பையெல்லாம் பத்திரமாகப் பொட்டலம் கட்டி எடுத்துப் போகிறார்களே, அதில் அப்படி என்னதான் இருக்கிறது?
– ஒரு வாசகர், பெரியநாயக்கன்பாளையம்.

பதில்: ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்கள் வீட்டுக் குப்பைக்கூடையை எட்டிப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தெரியுமோ, அதுதான்! கல்வெட்டு, ராஜா சொன்னதைச் சொல்லும். குப்பைக்குப் புளுகத் தெரியாது.

கீழடியில் கிடைத்த எலும்புகளில் 70 மாதிரிகளைப் புனே டெக்கான் கல்லூரியில் ஆராய்ந்தார்கள். பசு, எருது, எருமை, ஆடு இவை மட்டும் பாதிக்கு மேல். ஆக, பட்டியும் தொழுவமும் நிறைந்த ஊர். கலைமான், வெள்ளாடு, காட்டுப்பன்றி எலும்புகளில் வெட்டுத் தழும்பு இருந்தது. ஆக, அவை சட்டிக்குள் போனவை.

பல் தேய்மானம் வயதைச் சொல்லிவிடும். இளசிலேயே போயிருந்தால் குழம்புக்கு. கிழடுதட்டிப் போயிருந்தால் ஏருக்கோ பாலுக்கோ வளர்த்தது. இல்லாத எலும்பும் சாட்சி சொல்லும்: இடைக்கால இஸ்லாமிய நகரங்களில் பன்றி எலும்பு அருகிப்போவதே ஊரின் மதத்தைச் சொல்லிவிடுகிறது.

நூற்பு இயந்திரம் செய்கிற ஊர்க்காரரான உங்களுக்கு ஒரு விசேஷச் சேதி: கீழடியில் கிடைத்த கூர்தீட்டிய எலும்பு முனைகள் நெசவுக்குப் பயன்பட்டவையாம். தின்றதுபோக மிச்சத்தில் தறி வேலை!

அடுத்த முறை நல்லியெலும்பை உறிஞ்சிவிட்டு வீசும்போது கொஞ்சம் மரியாதையாக வீசுங்கள். 2000 வருஷம் கழித்து ஒருத்தர் பூதக்கண்ணாடியோடு வருவாருங்க!